மாடிக்குப் போன கல்

சுவரில் எதை எழுதி வைத்திருந்தாலும் அக்கா அதற்குப் பதில் சொல்வாள். தங்கைக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். பேருந்தில் ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று எழுதியிருந்தால், "அந்த மூஞ்சியைப் பார்த்தா யாருக்குப் பேசத் தோணும்" என்பாள். மருத்துவமனையில் அமைதி காக்கச் சொல்லும் பலகையைப் பார்த்து, "வலி இல்லாதவன் எழுதினது" என்பாள். வாடிக்கையாளரே எங்கள் எஜமானர் என்று வங்கியில் ஒட்டியிருந்ததற்கு, "எஜமானியை எவ்வளவு நேரம்தான்டா நிக்க வெப்பீங்க" என்று வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். முணுமுணுக்கிற ஜாதியில்லை அவள். பக்கத்தில் நிற்கும் தங்கை, இந்தம்மா யாரோ நான் யாரோ என்று இரண்டடி தள்ளி நின்றுகொள்வாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அக்கா. அப்பா செத்துப்போன வருடம் அது. அம்மாவுக்கு மூட்டுவலி, தங்கைக்குப் பால் பல் விழும் வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவளுக்கு வீட்டில் படிக்க ஒன்றுமில்லாததால் தெருவைப் படித்தாள். அவள் கைக்காசில்தான் தங்கை கல்லூரி வரை போனாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பட்டச் சான்றிதழை அக்கா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷப் படிப்புக்கு ஒரு பக்கம்தான் எழுதியிருக்காங்க, பின்னாடி காலியா விட்டுட்டாங்க" என்றாள்.

அக்கா வேலை செய்தது ஒரு சலவை ஆலையில். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். பிரித்து, துவைத்து, பிழிந்து, நீராவியில் சூடாகும் பெரிய ரோலர்களுக்குள் விட்டால், மறுபக்கம் மடிப்பில்லாமல் வெளியே வரும். ரோலரின் இந்தப் பக்கம் இரண்டு பெண்கள், அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். அக்கா இந்தப் பக்கம். எத்தனை விரிப்பு ஒழுங்காக வெளியே வருகிறதோ அத்தனைக்குக் கூலி. ஈரத்தோடு வந்தால் அது கணக்கில் சேராது. மறுபடியும் விட வேண்டும். விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து, கைபேசி அவள் விரலை அடையாளம் கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது. "இதுக்கும் நான் யாருன்னு தெரியலையாம்" என்று அதையும் திட்டுவாள்.

அதே ஆலையின் அலுவலகத்தில்தான் தங்கைக்கு வேலை கிடைத்தது. கீழே ரோலர், மேலே மேசை. அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். "மேல போறப்ப என்னைத் தெரியாத மாதிரி போகாதே. தெரிஞ்ச மாதிரியும் ரொம்பக் குழையாதே. ரெண்டுமே எனக்குப் பிடிக்காது."

ஆலைக்குப் புதிதாக வந்த டைரக்டர் வெளிநாட்டில் படித்தவர். மெல்லிய குரல். யாரையும் வா போ என்று பேசமாட்டார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ரோமாபுரியில் வாழ்ந்த ஒரு கவிஞர்மேல் அவருக்கு உயிர். அந்தக் கவிஞரின் புகழ்பெற்ற லத்தீன் வாசகங்களை அழகான பலகைகளில் பொறித்து ஒவ்வொரு அறையிலும் மாட்டச் சொன்னார். மேலே லத்தீன், கீழே எல்லோருக்கும் புரிகிற மாதிரி பொருள். பொருள் எழுதும் வேலை தங்கைக்கு வந்தது. அதற்காக ஒரு தடித்த மொழிபெயர்ப்புப் புத்தகத்தைக் கொடுத்தார். தங்கை அதைப் பேருந்தில் படித்தாள், அடுப்படியில் படித்தாள். தான் எழுதிய ஒன்று சுவரில் ஏறப்போகிறது என்ற நினைப்பில் கால் தரையில் பாவவில்லை.

ரோலர் அறைக்கு வந்த வாசகம், நாளையை நம்பாமல் இன்றைய பொழுதைக் கைக்கொள்ளச் சொன்னது. அக்கா தலையை நிமிர்த்தி எழுத்துக் கூட்டினாள்.

"நாளைக்கு ஷிப்ட் உண்டா இல்லையான்னு இன்னிக்குச் சாயங்காலம்தான் சொல்றான். நாளையை நம்பாதேன்னு எனக்குச் சொல்ல ரோமாபுரியிலேர்ந்து ஆள் வரணுமா?"

ரோலர்களின் சத்தத்துக்கு மேலே பெண்கள் சிரித்தார்கள்.

சாப்பாட்டு அறைக்கு வந்தது, மிகையும் வேண்டாம் குறையும் வேண்டாம், நடுவழியே பொன் என்ற கருத்து. அது வந்த வாரத்திலேயே தேநீர்க் குவளையும் சின்னதாகிவிட்டது. "நடுவுல நில்லுன்னு சொல்றவன் எங்கே நிக்கிறான்னு முதல்ல பார்க்கணும்" என்றாள் அக்கா. சூப்பர்வைசர் அறை வாசலில், குறை சொல்ல வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி, கோபத்தைச் சற்று நேரப் பைத்தியம் என்று சொல்லும் வாசகம். அக்கா அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சற்று நேரமா? பாவம், அவருக்கு வந்த கோபம் சின்னதா இருந்திருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் தங்கை அந்தக் கவிஞரை விட்டுக்கொடுக்காமல் பேசினாள். "உனக்கு என்னக்கா தெரியும் அவரைப் பத்தி? அவரோட அப்பா அடிமையா இருந்து விடுதலையானவர். ஏலம் விடுற இடத்துல காசு வசூல் பண்ற வேலை. மகனைப் பெரிய இடத்துப் பிள்ளைங்களோட படிக்க வெச்சு, வாத்தியார் வீட்டுக்குக் கூடவே நடந்து போயிருக்கார். அந்த வீட்டுல முதல்ல படிச்சவர் அவர்தான்." அவள் புத்தகத்தில் அடையாளத் தாள் வைத்திருந்தது அந்தப் பக்கத்தில்தான்.

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அப்பனை மறந்துட்டாரா?"

"இல்லை. நன்றியோட எழுதியிருக்கார்."

"அப்ப பரவாயில்லை. ஆனா அந்த அப்பனுக்கு வந்த கோபத்தை என்ன பண்ணினார்? அதை எங்கயாவது எழுதினாரா?"

அந்தக் கேள்வியோடு புத்தகத்தைப் படிக்கத் தங்கைக்குத் தோன்றியதில்லை.

ஆலையின் பின்பக்கம் பாய்லர் அறை. அங்கே இருந்தவரை எல்லோரும் பாய்லர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டார். பாய்லரில் அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து நீராவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு பழுதாகி, மிஞ்சுவதற்கு முன்னாலேயே திறந்து கசிந்துகொண்டிருந்தது. மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கைவசம் இருக்கும் வேலை முடியட்டும், அதுவரை வால்வை இறுக்கி வை என்று சூப்பர்வைசர் சொன்னார். பாய்லர் அண்ணன் மறுத்தார். மறுநாளும் மறுத்தார். மூன்றாம் நாள் முற்பகல் பாய்லர் வெடித்தது. சுவர் பெயர்ந்து விழுந்தது. மற்றவர்கள் தப்பித்தார்கள், அவர் தப்பவில்லை. இடிபாட்டில் கிடைத்த வால்வு இறுக்கப்பட்டிருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் அதை வைத்து, ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

டைரக்டர் உண்மையிலேயே கலங்கிப்போனார்; தங்கை அதைக் கண்ணால் பார்த்தாள். ஆலை வாசலில் பாய்லர் அண்ணன் நினைவாக ஒரு கல் நாட்டுவது என்று முடிவு செய்தார். அதற்கும் அதே கவிஞரின் வாசகம். ஏழையின் வீடானாலும் அரசனின் மாளிகையானாலும் சாவு ஒரே மாதிரிதான் வந்து கதவை உதைக்கும் என்பது அதன் கருத்து. "அழகா எழுதுங்கம்மா. அவர் மனைவி படிக்கணும்" என்று தங்கையிடம் சொன்னார். அவள் அழகாகத்தான் எழுதினாள். ஒரு சொல்லை மாற்றி, இன்னொரு சொல்லைத் தட்டி, எழுதியதைத் தானே வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.

திறப்புக்கு முதல் நாள் சாயங்காலம், வீட்டில் அதை அக்காவிடம் படித்துக் காட்டினாள். அக்கா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாடியில யாராவது செத்தாங்களா?"

"என்னக்கா கேள்வி இது?"

"பதில் சொல்லு. டைரக்டர் ரூம் கதவைச் சாவு வந்து உதைச்சுதா? சூப்பர்வைசர் கதவை? ஒரே மாதிரின்னு எழுதியிருக்கியே, எது ஒரே மாதிரி?"

"அது கவிதைக்கா."

"கவிதைன்னா பொய் சொல்லலாமா?"

"பொய் இல்லை." தங்கைக்குக் கோபம் வந்தது, தான் எழுதியதைக் காப்பாற்றும் அவசரத்தில் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிட்டாள். "அவர் அதை ஏழைங்களைப் பார்த்துச் சொல்லவே இல்லை. வசதியான சிநேகிதர் ஒருத்தருக்குச் சொன்ன பாட்டு அது. உன் பணம் உன்னைக் காப்பாத்தாது, உன் வாசலுக்கும் சாவு வரும்னு அவருக்குச் சொன்னது."

அக்கா அவளையே பார்த்தாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"படிச்சப்பவே."

"டைரக்டர்கிட்ட சொன்னியா?"

தங்கை கையிலிருந்த தாளை மடித்தாள்.

"ஏன், படிச்ச வாய்க்குப் பூட்டா போட்டுட்டாங்க? பணக்காரனை மிரட்ட எழுதினதைக் கொண்டுவந்து, புருஷனைப் பறிகொடுத்தவ முன்னாடி வெச்சு, அழாதேம்மா எல்லாருக்கும் இதுதான்னு சொல்றாங்க. அதுக்கு நீ உரை எழுதிக் குடுத்திருக்க. இதுக்காடி உன்னைப் படிக்க வெச்சேன்?"

தங்கை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காமேல் ஆத்திரம், டைரக்டர்மேல் ஆத்திரம், அடிமையாக இருந்தவரின் மகனாகப் பிறந்து பணக்காரர்களின் சிநேகிதனாகிப் பாட்டெழுதிய அந்த மனிதர்மேலும் ஆத்திரம். ஆனால் அவர் அந்தப் பணக்காரனின் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லியிருக்கிறார். அவள் யார் முகத்துக்கு நேராக எதைச் சொன்னாள்?

காலையில் கல் வந்து இறங்கியிருந்தது. வாசலில் ஒரு மரச்சட்டத்தின்மேல், வெள்ளைத் துணி போர்த்தி, இன்னும் நாட்டாமல் நின்றது. பாய்லர் அண்ணனின் மனைவி, எல்லோருக்கும் அண்ணி, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டைரக்டர் இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை. தங்கை தட்டில் கத்தரிக்கோலோடு நின்றாள். ரிப்பன் வெட்டுவதற்கு.

ரோலர் அறையிலிருந்து ஒரு டிராலி உருண்டு வந்தது. பிழிந்த ஈர விரிப்புகளை ஏற்றித் தள்ளும் டிராலி. பின்னால் அக்கா, அவளோடு ரோலர் அறைப் பெண்கள் ஏழெட்டுப் பேர். நேராக வந்து, கல்லைச் சட்டத்திலிருந்து சரித்து டிராலியில் ஏற்றினார்கள். நாள் முழுக்க ஈர விரிப்பு தள்ளுகிறவர்களுக்கு அந்தக் கல் ஒரு பாரமே இல்லை.

காவலாளி ஓடி வந்தார். "எங்கம்மா கொண்டு போறீங்க?"

"விலாசம் தப்பி வந்துடுச்சு. சரியான விலாசத்துல சேர்க்கப் போறோம்."

"யார் சொன்னாங்க?"

"எழுதினவரே சொல்லியிருக்கார். நகருங்க, காலு மேல ஏறிடப் போகுது."

அண்ணி எழுந்து ஒன்றும் கேட்காமல் அவர்கள் பின்னால் நடந்தார். தங்கையும் கத்தரிக்கோல் தட்டோடு நடந்தாள். மூட்டைகள் ஏற்றும் லிப்ட் கல்லோடு முனகிக்கொண்டே மேலே போனது. டைரக்டரின் அறைக்கு நேர் எதிரே, அவர் தலை நிமிர்ந்தால் கண்ணில் படும் இடத்தில், சுவரோரமாகக் கல்லை இறக்கி வைத்தார்கள். அக்கா துணியை உருவினாள்.

டைரக்டர் வெளியே வந்தார். சூப்பர்வைசரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்ன இது?" என்றார் டைரக்டர். குரல் அப்போதும் மெல்லியதாகத்தான் இருந்தது.

"இது உங்களுக்கு எழுதினது சார். எங்களுக்கு இல்லை. சாவு ஒரே மாதிரி வரும்னு வசதியானவங்களுக்குச் சொன்னதாம். என் தங்கச்சி படிச்சிருக்கா."

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். டைரக்டரும் பார்த்தார். அந்தத் தடித்த புத்தகத்தை அவர் எத்தனை தடவை படித்திருப்பார்? அவருக்குத் தெரியாமலா இருக்கும்? "அப்படியாம்மா?" என்று கேட்டார்.

வாடகை, அம்மாவின் மருந்து, இரண்டு சம்பளம், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன.

"ஆமா சார். பாட்டு ஒரு பணக்காரரைப் பார்த்துத்தான் சொல்லுது. நான் சொல்லியிருக்கணும். சொல்லலை."

அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை. அண்ணியைப் பார்த்துப் பேசினாள். எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். வால்வு கசிந்தது, மாற்றச் சொன்னது, இறுக்கச் சொன்னது, பாய்லர் அண்ணன் மறுத்தது, இறுக்கச் சொன்னவர் இதோ நிற்கிறார், எல்லாவற்றையும். "கவனக்குறைவாம். அண்ணனை மாதிரிக் கவனமான ஆளை இந்தக் கட்டடமே பார்த்ததில்லை. அண்ணி, உங்க வீட்டுக்காரர்மேல ஒரு தப்பும் இல்லை."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். அண்ணி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அவர் டைரக்டரிடமோ சூப்பர்வைசரிடமோ பேசவில்லை. அக்காவிடம்தான் கேட்டார்.

"இந்த சூப்பர்வைசர் சொன்னதை எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் கேக்கலை இல்ல? வீட்டுக்கு வந்தும் அதையேதான் சொன்னார், உசிரே போனாலும் இறுக்க மாட்டேன்னு. அப்ப மூணாம் நாள் மட்டும் ஏன் இறுக்கினார்?"

அக்காவின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

"சொல்றேன் அண்ணி," என்றாள் கடைசியில். "இங்க வேண்டாம். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, உக்காந்து சொல்றேன்."

அன்று மதியமே அக்காவுக்கு வேலை போய்விட்டது. தங்கை பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பினாள். பேருந்துக்குக் காத்திராமல் இருவரும் வெயிலில் நடந்தார்கள். பாதித் தெரு வரை அக்கா ஆலையில் ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டு வந்தாள். திடீரென்று நின்றாள்.

"நான்தான்டி கத்தினேன்."

"என்னது?"

"அன்னிக்குக் காலையில. நீராவியெல்லாம் கசிஞ்சு போய் ரோலர்ல சூடே இல்லை. விட்ட விரிப்பெல்லாம் ஈரமா வருது. ரெண்டு நாளா எங்க யாருக்கும் கூலி தேறலை. நான் பாய்லர் ரூம் வாசலுக்கே போய்க் கத்தினேன். எங்க வயித்துல அடிக்கிறீங்களே, நீங்களும் ஒரு மனுஷனான்னு கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். ஒண்ணும் பேசலை. உள்ள போனார். கொஞ்ச நேரத்துல ரோலர் நல்லா சூடாச்சு. நான் சிரிச்சேன்டி. ஒரு சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குதுன்னு சொல்லிச் சிரிச்சேன்."

இறுக்கச் சொன்னது சூப்பர்வைசர், வால்வை மாற்றாதது ஆலை, உன்மேல் என்ன தப்பு என்று தங்கை சொன்னாள். அக்கா அவள்மேல் பாய்ந்தாள். "எனக்கும் அழகா உரை எழுதாதே."

சுவர்களிலிருந்து பலகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கல்லை யாரும் கீழே இறக்கவில்லை. அதன் முன்னால் பெரிய பூந்தொட்டி ஒன்றை வைத்து மறைத்தார்கள். வேறு வேலை கிடைக்கும் வரை தங்கை அந்தப் பூந்தொட்டியைத் தாண்டித்தான் போய்வந்தாள். தினமும் திரும்பியதும், "அரண்மனையில எல்லாரும் சௌக்கியமா?" என்று அக்கா கேட்பாள். அதில் கோபம் எவ்வளவு, கேலி எவ்வளவு என்று தங்கைக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

அக்கா ஒரு விடுதியில் துணி தேய்க்கும் வேலைக்குப் போனாள். அண்ணியைக் கடைத்தெருவில் பார்ப்பாள். "எப்ப வர்ற?" என்று அண்ணி கேட்பார். "வர்றேன் அண்ணி, இந்த வாரம் வர்றேன்." ஊரில் எவரிடமும் தயங்காமல் பேசுகிறவள், தூரத்தில் அண்ணியின் தலை தெரிந்தால் அடுத்த தெருவில் திரும்ப ஆரம்பித்தாள். போய்ச் சொல்லிவிட்டு வா என்று தங்கை ஒருமுறை சொன்னதற்கு, அக்கா கையிலிருந்த குவளை பறந்தது. இப்படியே சில வருடம் ஓடிவிட்டது. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பியவள், செருப்பு மாட்டிக்கொள்ள வாசல்படியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் அண்ணியும் இருந்தார். மற்றவர்கள் கலையும் வரை மூலையில் உட்கார்ந்திருந்தார். தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணி வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"உனக்குத் தெரியும் இல்ல?"

தங்கை தலையசைத்தாள். "நான் சொல்றேன் அண்ணி. அன்னிக்குக் காலையில..."

"வேண்டாம்." அண்ணியின் குரலில் அழுகை இல்லை. "ஓரளவுக்கு எனக்கே தெரியும். ரோலர் ரூம்ல இருந்த ஒருத்தியாவது சொல்லாம இருப்பாளா? அவ வாயால கேக்கணும்னுதான் இத்தனை வருஷம் இருந்தேன். வந்து சொல்லியிருந்தா நான் என்ன, அவளைக் கடிச்சா தின்னிருப்பேன்? ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன். அப்புறம் உக்காந்து ரெண்டு பேரும் அழுதிருப்போம்."

"அவளுக்குப் பதிலா நான்..."

"நீ ஏன் சொல்லணும்? அது அவ எனக்குக் குடுக்க வேண்டியது. குடுக்காமப் போயிட்டா."

தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து, அண்ணி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.